மதுரையின் குடிநீரும் சொல்லப்படாத ஓர் எண்ணும்

2025 கோடையில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியிருக்கும் என் தங்கை மகள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "மாமா, இங்கே யூட்டா மாநிலத்தில் குடிநீரில் புளோரைடு கலப்பதைத் தடை செய்துவிட்டார்கள். குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும் என்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பற்பசையை மாற்றிவிடட்டுமா? நீங்கள் வேதியியல் ஆசிரியராக இருந்தவர், சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தாள்.

நான் பதிலுக்கு ஒரு கேள்வியைத்தான் அனுப்பினேன்: "ஊரில் உன் அம்மா குடிக்கும் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்று தெரியுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே, மானாவாரி நிலங்களுக்கு நடுவிலுள்ள ஒரு கிராமத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வாழும் என் தங்கைக்கும் தெரியாது. அந்தச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்த எனக்கும் தெரியாது என்பதுதான் வெட்கத்துக்குரிய உண்மை. புளோரினின் அணு எண் ஒன்பது என்று ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக் குடத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் பொறுத்தவரை, புளோரைடு நல்லதா கெட்டதா என்பது முதற்கேள்வியே அல்ல. எந்தக் குழாயில், எந்தப் பருவத்தில், எவ்வளவு என்பதே முதற்கேள்வி. அந்த எண்ணை அறியும் வழி நம்மிடம் இருக்கிறது. அறிந்த எண்ணைக் குடிப்பவருக்குச் சொல்லும் வழக்கம்தான் இல்லை.

அங்கே கலக்கிறார்கள், இங்கே கரைகிறது

அமெரிக்க விவாதத்தை அப்படியே நம் ஊருக்கு இறக்குமதி செய்வது எத்தனை பெரிய பிழை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோ மாநிலத்துப் பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, தம் ஊர்க் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கண்டு, காரணம் தேடிப் பல ஆண்டுகள் அலைந்தார். 1931-இல்தான் குடிநீரிலுள்ள புளோரைடு அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் கண்டார்கள். கறை வராத அளவுக்கு மிகக் குறைவாகப் புளோரைடு சேர்த்தால் சொத்தையைத் தடுக்கலாமே என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1945-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் உலகில் முதன்முதலாகக் குடிநீரில் புளோரைடு கலந்தது.

இன்று அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். 2025 மார்ச்சில் யூட்டாவும், மே மாதத்தில் புளோரிடாவும் சட்டமியற்றி நிறுத்தியது, செயற்கையாகக் கலக்கப்படும் இந்த அளவைத்தான். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீரைக் குடிக்கும் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு குறைவாக இருப்பதோடு அதற்குத் தொடர்புண்டு என்று, மிதமான உறுதிப்பாட்டுடன் கூறியது. 0.7 அளவில் அத்தகைய பாதிப்பு உண்டா என்று முடிவு செய்யப் போதிய தரவு இல்லை என்றும் அதே அறிக்கை சொன்னது. அந்த முடிவுக்கு அடிப்படையான ஆய்வுகள் அமெரிக்காவுக்கு வெளியே, இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளில் நடந்தவை. நம்மைப் போன்றவர்களின் கிணறுகளைக் கொண்டு எழுதப்பட்ட எச்சரிக்கையைப் படித்து அமெரிக்கர்கள் தங்கள் குழாயைப் பார்த்து அஞ்சுகிறார்கள். நாமோ அதை அமெரிக்கச் செய்தியாகப் படித்துவிட்டுப் பற்பசையைப் பார்த்து அஞ்சுகிறோம்.

ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். வழக்கமான பற்பசையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் புளோரைடு இருக்கிறது. பட்டாணி அளவுப் பசை கால் கிராம் என்றால், அதில் இருப்பது கால் மில்லிகிராம். குழந்தை அதை முழுதாக விழுங்கினாலும் அவ்வளவுதான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் கொண்ட கிணற்று நீரை ஒரு லிட்டர் குடித்தால் உடலுக்குள் செல்வது இரண்டு மில்லிகிராம், அதாவது அத்தகைய எட்டுப் பட்டாணிகள். பற்பசையைத் துப்பிவிடலாம், தண்ணீரைத் துப்ப முடியாது.

இதற்கெல்லாம் அமெரிக்காவைப் பார்க்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. கிராண்ட் ராபிட்ஸுக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1937-இல், எச்.இ. ஷார்ட் தலைமையிலான மருத்துவர்கள், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதிக் கிராமங்களில் கழுத்தும் முதுகும் இறுகிப்போன மனிதர்களைக் கண்டு, குடிநீரின் புளோரைடே அதற்குக் காரணம் என்று பதிவு செய்தார்கள். இந்தியாவில் இந்நோய் குறித்து வெளியான முதல் மருத்துவ ஆவணம் அது. நம் மாகாணத்தில் இது தெரிந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன.

பாறை எழுதும் கணக்கு

மதுரையில் இது எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலைக் கழிவிலிருந்தோ, உரத்திலிருந்தோ முதன்மையாக வருவதில்லை. நம் காலடியில் இருக்கும் பாறையிலிருந்து வருகிறது. ஆனைமலையையும் நாகமலையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாறையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேலூரின் கிரானைட்டும், மாவட்டமெங்கும் பரவியுள்ள நைஸ், சார்னோகைட் பாறைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையவை. அவற்றிலுள்ள கருமைக்கா, ஹார்ன்பிளெண்டு, அபடைட்டு, புளோரைட்டு போன்ற கனிமங்களில் புளோரின் பொதிந்திருக்கிறது. பாறை வெடிப்புகளில் தேங்கும் நீர் அந்தக் கனிமங்களோடு எத்தனை காலம் உறவாடுகிறதோ, அத்தனைக்குப் புளோரைடு அதில் கரைகிறது.

பத்து, பதினைந்து மீட்டர் ஆழத் திறந்த கிணற்றில் ஒவ்வொரு மழைக்கும் புது நீர் சேரும். பல நூறு அடிக்குக் கீழே இறங்கும் ஆழ்துளைக் கிணற்றில் கிடைப்பதோ பெரும்பாலும் பாறையோடு நெடுங்காலம் கிடந்த பழைய நீர். மழை குறைந்து, கண்மாய் வறண்டு, கிணறு தூர்ந்து, ஆழ்துளைக் கிணறு இன்னும் ஆழத்துக்கு இறங்கிய நம் கடந்த ஐம்பதாண்டு வரலாற்றில், குடிநீரின் வேதியியலும் சத்தமில்லாமல் மாறியது.

இதில் நம் நாக்கு நம்மை ஏமாற்றுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்தில் தண்ணீரை 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி', 'சப்பைத் தண்ணி' என்று பிரிப்போம். பருப்பு சீக்கிரம் வெந்தால், சோப்பு நன்றாக நுரைத்தால், அது நல்ல தண்ணீர். கால்சியம் மிகுந்த கடின நீரைத்தான் பழிப்போம். ஆனால் நீரில் கால்சியம் மிகுந்திருந்தால், அது புளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். புளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்திருக்க முடியாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்மையான நீரில்தான் புளோரைடு தங்கு தடையின்றிக் கரையும். பருப்பை வேகவைக்கும் அதே குணமுள்ள நீரில் புளோரைடு மிகுந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு நிறமில்லை, மணமில்லை, இந்த அளவுகளில் சுவையும் இல்லை. நாக்கால் அறிய முடியாததைக் கருவியால்தான் அறிய வேண்டும்.

மதுரை மாவட்டம் முழுதும் நச்சு நீர் என்று யாரேனும் சொன்னால் அது பொய். இங்குள்ள கடும்பாறைப் பகுதிகளின் நிலத்தடி நீரை ஆராய்ந்த நிலவியலாளர்கள், பெரும்பாலான மாதிரிகள் வரம்புக்குள் இருப்பதையும், சில மாதிரிகள் வரம்பைத் தாண்டுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அண்டை மாவட்டங்களான திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை ஆகியவற்றின் சில பகுதிகள் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் புளோரைடு பட்டியல்களில் இடம்பெற்றவை. பாறையின் வெடிப்பு எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே தெருவின் இரண்டு கிணறுகளே வேறுபடும். ஆகவே மாவட்டச் சராசரியால் யாருக்கும் பயனில்லை. சராசரியை யாரும் குடிப்பதில்லை. ஒவ்வொருவரும் தம் குழாயைத்தான் குடிக்கிறார்கள்.

ஒன்றரை என்ற வரம்பு

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். நம் நாட்டின் குடிநீர்த் தரநிர்ணயமோ ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டியில் ஒன்றரைக் கிராம் கரைந்திருந்தால் வரம்பைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். நடைமுறையில் நாம் செய்வது என்னவென்றால், வேறு வழியில்லாதவர்களுக்காக வைத்த 1.5-ஐ எல்லோருக்குமான இயல்பு அளவாக்கிக்கொண்டோம். முதல் எண் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது.

இந்த 1.5-உம் ஒருவர் நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பார் என்ற கணக்கை ஒட்டியது. தட்பவெப்பத்தையும் மக்கள் குடிக்கும் அளவையும் பார்த்து ஒவ்வொரு நாடும் தன் வரம்பை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சித்திரை வெயிலில் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்ணோ, செங்கல் சூளையில் நிற்பவரோ நாளைக்கு நான்கைந்து லிட்டர் குடிக்கிறார். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் நான்கு லிட்டரில் 8 மில்லிகிராம். நாளொன்றுக்கு மொத்தம் 6 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டால் எலும்பு பாதிக்கப்படும் வாய்ப்பு கூடத் தொடங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சோறு உறிஞ்சும் நீர், குழம்பு நீர் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவில்லை. தேயிலை இயல்பாகவே புளோரைடைச் சேர்த்துவைக்கும் இலை என்பதால், நாளைக்கு நான்கைந்து தேநீரும் தன் பங்கைச் சேர்க்கும்.

எட்டு வயது என்ற கதவு

புளோரைடின் பாதிப்பில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது பல். பல்லின் மேற்பூச்சான எனாமல் ஈறுக்குள் உருவாகும்போதுதான் புளோரைடு அதைக் கெடுக்கிறது. ஏறத்தாழ எட்டு வயதோடு அந்தக் காலம் முடிகிறது. சிரித்தால் முதலில் தெரியும் மேல் முன்பற்களுக்கோ முதல் மூன்று வயதே முக்கியம். வெண்புள்ளி, மஞ்சள் கோடு, பழுப்புக் கறை, கடும் நிலையில் குழிவிழுந்து உதிரும் பல் என அது படிப்படியாகத் தெரியும். அந்த வயதைத் தாண்டியபின் எவ்வளவு புளோரைடு குடித்தாலும் பல்லில் புதிதாகக் கறை வராது. வந்த கறையை எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

வகுப்பறையில் நான் கண்டது இந்த இரண்டாவது உண்மையை. பல்லில் காவி படிந்த மாணவனை "பல் தேய்ப்பதில்லையா?" என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தப் பையன் ஒருவேளை என்னைவிட நன்றாகப் பல் துலக்கியிருப்பான். நீர் செய்ததற்கு அவனை அழுக்கன் என்றோம். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் சில பெண் குழந்தைகளுக்கு ஏன் வந்தது என்று அன்று நான் யோசித்ததில்லை. பின்னாளில் பெண் பார்க்க வரும்போதும், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போதும் அந்தக் கறை அவர்களோடு செல்கிறது.

இரண்டாவது கட்டம் எலும்பு. ஆண்டுக்கணக்கில் மிகை அளவைக் குடிப்பவரின் எலும்பில் புளோரைடு சேர்கிறது. தசைநார்களில் சுண்ணம் படிகிறது. கழுத்து, இடுப்பு, முழங்கால் இறுகுகின்றன. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, முகவாயால் மார்பைத் தொட முடிகிறதா, கைகளை மடக்கிப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா என்ற மூன்று எளிய சோதனைகள் முதற்கட்டக் கண்டறிதலுக்குப் பயன்படுகின்றன. சிறுநீர்ப் பரிசோதனையும், முன்கை எலும்பின் எக்ஸ்ரேயும் உறுதிப்படுத்தும். ஆனால் ஐம்பது வயது விவசாயக் கூலி இடுப்பு வலி என்று வந்தால், வயதையும் வேலையையும் வாதத்தையும் காரணம் சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்புவதே எளிது. எந்த ஊர்த் தண்ணீர் என்ற கேள்வி மருத்துவச் சீட்டில் ஏறுவதில்லை.

உணவில் கால்சியமும் வைட்டமின் சி-யும் குறைந்தவரை இந்த நோய் கடுமையாகத் தாக்குகிறது. ஒரே நீரைக் குடித்தாலும், பாலும் கீரையும் எள்ளும் கேழ்வரகும் நெல்லிக்காயும் கிடைக்கிற வீடு ஓரளவு தப்பிக்கும். வெறும் சோற்றில் வயிற்றை நிரப்பும் வீடு சிக்கிக்கொள்ளும். தாய்ப்பாலில் மட்டும், தாய் எந்த நீரைக் குடித்தாலும், புளோரைடு மிகக் குறைவு. அதே நீரில் பால்பொடியைக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு முழு அளவும் போய்ச் சேரும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரைக்கு இப்பகுதியில் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது.

ஆற்று நீரும் ஆழ்துளை நீரும்

மதுரை நகரத்தின் பழைய பகுதி பெருமளவுக்கு வைகையின் நீரைக் குடித்து வளர்ந்தது. பெரியாற்று அணை கட்டப்பட்ட 1895-இலிருந்து முல்லைப் பெரியாற்று நீரும், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீரும் நகருக்கு உயிர் தந்தன. மலையிலிருந்து வரும் ஆற்று நீரில் புளோரைடு மிகக் குறைவு. ஆனால் 2011-இல் மாநகராட்சியின் வார்டுகள் 72-லிருந்து 100 ஆகி, அவனியாபுரம், திருநகர், ஆனையூர், விளாங்குடி போன்ற பகுதிகள் நகருக்குள் வந்தபோது, ஆற்று நீர் அதே வேகத்தில் அங்கே செல்லவில்லை. அந்த இடைவெளியை ஆழ்துளைக் கிணறும், லாரியும், இருபது லிட்டர் கேனும் நிரப்பின. லோயர் கேம்ப்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் கொண்டுவருவதற்கான முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டது இந்தப் பற்றாக்குறைக்காகத்தான். அதைப் பற்றிய பேச்சிலெல்லாம் நாம் அளவையே பேசினோம், தரத்தைப் பேசவில்லை.

கிராமங்களின் நிலை இன்னும் நுட்பமானது. 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் என்றது; நபருக்கு 55 லிட்டர் என்றது. குழாய்கள் வந்தன, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குடத்தோடு நடந்த பெண்களின் கால்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் குழாய் என்பது வழி மட்டுமே. ஊரின் மேல்நிலைத் தொட்டிக்குள் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்று நீரும் ஏறுகிறது, உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரும் ஏறுகிறது. ஆற்று நீர் வரத்து குறையும் நாள்களில், குறிப்பாகக் கோடையில், கிணற்றின் பங்கு கூடுகிறது. குழாயைத் திறப்பவருக்கு இன்று வருவது எது என்று தெரியாது. ஆவணத்தில் அந்த வீடு பாதுகாக்கப்பட்ட குடிநீர் பெற்ற வீடு.

தங்கையின் ஊர்த் தண்ணீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் குப்பியில் பிடித்து நானே பரிசோதனைக்குக் கொடுத்தேன். கள ஆய்வுப் பெட்டியில் சொட்டு மருந்து விட்டால், புளோரைடு இல்லாத நீர் சிவந்தே நிற்கும். கூடக் கூடச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். எங்கள் குப்பி மஞ்சளுக்கு நெருங்கியது. பரிசோதனைக்கூடத்தின் தாளும் ஒன்றரைக்கு மேல் என்றது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளூர் அலுவலகம் ஒன்றுக்குச் சென்றேன். "குளோரின் சரியாகப் போடுகிறோம் சார்" என்றார்கள். உண்மைதான், போடுகிறார்கள். குளோரின் கிருமியைக் கொல்லும். புளோரைடை அது தொடாது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் புறஊதாக் கதிர்க் கருவியும் இதற்கு உதவா.

மற்றவர்கள் கற்ற பாடம்

ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும், குறிப்பாக நல்கொண்டா மாவட்டத்தில், வளைந்த கால்களோடு ஒரு தலைமுறையே வளர்ந்ததை நாடு பார்த்தது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைப் படியவைக்கும் முறையைத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அதற்கு நல்கொண்டா முறை என்றே பெயர். மலிவான, எளிய முறை. ஆனால் நாள்தோறும் சரியான அளவில் மருந்து சேர்க்க வேண்டும். படியும் சேற்றை அகற்ற வேண்டும். நீரில் அலுமினியம் மிஞ்சாமல் பார்க்க வேண்டும். ஒரு கிராமம் ஆண்டுக்கணக்கில் தொடர்வது கடினம். இறுதியில் 2016-இல் தொடங்கிய மிஷன் பகீரதா வழியே கிருஷ்ணா நதிநீர் சென்றபோதுதான் நிலைமை மாறியது. ஏற்கெனவே வளைந்த எலும்புகளை அந்த நீரால் நிமிர்த்த முடியவில்லை.

தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பானியக் கடனுதவியுடன், 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் திட்டம் 2013-இல் நிறைவேறியது. அதன் பெயரிலேயே 'புளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்ற சொற்கள் இருந்தன. நோயின் பெயரைத் திட்டத்தின் பெயரில் சேர்த்ததால் நோக்கம் ஒவ்வொரு கோப்பிலும் நினைவூட்டப்பட்டது. மதுரை மாவட்டத்தில் பாதிப்பு அவ்வளவு பரவலாக இல்லை. அதுவே நமக்கு ஆபத்தாக இருக்கிறது. சிதறிக் கிடக்கும் நோய்க்குப் போராட்டக் குழு அமைவதில்லை.

ஊராட்சிகளில் வைக்கப்படும் எதிர்ச்சவ்வூடுபரவல் கருவிகள், அதாவது ஆர்.ஓ. நிலையங்கள், புளோரைடை நீக்கும் என்பது உண்மை. கால்சியத்தையும் சேர்த்தே நீக்கும். செறிவான கழிவு நீரை வெளியேற்றும். சவ்வை மாற்றப் பணம் ஒதுக்காவிட்டால் ஓராண்டிலேயே பூட்டிக் கிடக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமான இடைக்கால ஏற்பாடாக அதை ஏற்கலாம். நிரந்தரத் தீர்வாக ஏற்பதற்கில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, எண்ணைச் சொல்வது. தமிழகக் கிராமங்களின் மேல்நிலைத் தொட்டிகளில் கொள்ளளவு, கட்டிய ஆண்டு, செலவு, சுத்தம் செய்த நாள் ஆகியவை வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றோடு ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: இந்த நீரில் புளோரைடு இவ்வளவு, பரிசோதித்த நாள் இது. ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. முடிவுகள் இணையதளத்தில் ஏறுகின்றன. இணையத்திலிருந்து தொட்டிச் சுவருக்கு வர வேண்டிய தூரம்தான் பாக்கி. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-இலும் நம் மாநிலத்தில் கிராமசபை கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு நீராதாரத்தின் அளவையும் உரக்கப் படிக்க வேண்டும். மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை என ஆண்டுக்கு இரு அளவுகளாவது வேண்டும்.

எண்ணை வெளியிட்டால் பீதி பரவும், ஊர்ப் பெயர் கெடும், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் ஊர்ப் பெயரை ஏற்கெனவே பற்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. எண்ணைச் சொன்னால், வரம்புக்குள் இருக்கும் பெரும்பாலான ஊர்கள் நிம்மதியடையும். மீதமுள்ளவை நியாயம் கேட்கும்.

இரண்டாவது, இருக்கும் நல்ல நீரை யாருக்கு முதலில் தருவது என்ற முடிவு. எட்டு வயதுக்குள்தான் பல் உருவாகிறது என்றால், ஆற்று நீரோ சுத்திகரித்த நீரோ முதலில் செல்ல வேண்டிய இடம் அங்கன்வாடியும் தொடக்கப் பள்ளியும்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில்தான் தொடங்கியது. அந்த உப்புமாவும் கிச்சடியும் எந்த நீரில் வேகின்றன என்று கேட்பது திட்டத்தைக் குறை சொல்வதாகாது. அதன் பயனை முழுமையாக்குவதாகும். பள்ளி மருத்துவ ஆய்வில் பற்களைப் பார்த்து ஊர்வாரியாகக் குறித்தாலே, எந்தக் கிணற்றை முதலில் மூட வேண்டும் என்பதற்கான வரைபடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது, நிலத்துக்குள் புது நீரைச் சேர்ப்பது. மழைநீரில் புளோரைடு கிட்டத்தட்ட இல்லை. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. கண்மாயில் ஒருபோகம் நீர் நின்றால், அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் பழைய நீரோடு புது நீர் கலந்து செறிவு குறைய வழியுண்டு. உசிலம்பட்டிப் பகுதி மக்கள் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற 58 கிராமக் கால்வாயில் 2018-இல் சோதனை ஓட்டமாக நீர் விடப்பட்டது. அந்தக் கால்வாயைப் பாசனக் கணக்கில் மட்டும் பார்க்கிறோம். அது நிரப்பும் ஒவ்வொரு கண்மாயும் குடிநீரையும் திருத்தக்கூடும் என்ற கணக்கையும் சேர்த்தால், அதற்கு ஆண்டுதோறும் நீர் கேட்கும் உரிமை இன்னும் வலுப்பெறும்.

வீட்டளவில் செய்யக்கூடியதும் உண்டு. தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்வது, குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது ஆற்று நீரைத் தனியே பிடித்துவைப்பது, கால்சியம் உள்ள உணவைக் கூட்டுவது, தேநீரைக் குறைப்பது, சிறு குழந்தைகளின் பற்பசையைப் பற்றிப் பல் மருத்துவரிடம் கேட்பது. இவை அரசின் கடமைக்கு ஈடாகா. ஆனாலும் குழாய் வரும்வரை குழந்தையின் பல் காத்திருக்காது.

பரிசோதனைத் தாளைத் தங்கையிடம் காட்டியபோது, "இத்தனை வருசம் குடிச்சாச்சு அண்ணே, இனிமே எனக்கு என்ன ஆகப்போகுது?" என்றாள். அவள் முழங்கால் வலியைப் பற்றி நான் அப்போது பேசவில்லை. தெருமுனையிலிருந்த அங்கன்வாடியைக் காட்டினேன். அதற்கும் அதே தொட்டியிலிருந்துதான் குழாய் செல்கிறது. அந்த வாரமே அவள் தன் தெருப் பெண்கள் நால்வரை அழைத்துக்கொண்டு ஊராட்சிக்கு மனுக் கொடுத்துவிட்டு வந்தாள். கேட்டது ஒன்றே ஒன்று: தொட்டிச் சுவரில் அந்த எண்ணை எழுதுங்கள்.

டெக்சாஸில் இருப்பவளுக்கு இப்போது பதில் எழுதிவிட்டேன். பற்பசையைப் பட்டாணி அளவு வைத்துக் கொடு, துப்பச் சொல்லிக் கொடு, உன் ஊர்க் குடிநீர் நிறுவனத்தின் அறிக்கையில் அளவைப் பார்த்துக்கொள் என்று. அவள் ஊரில் அந்த அளவை ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அவள் அம்மாவின் மனு இன்னும் மேசையில் இருக்கிறது.